வாடகை வீட்டில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது, அணைத்த பல்பு மினுங்குகிறது: நானே எதைச் செய்யலாம், எதை உரிமையாளரிடம் கேட்கலாம்?

கேள்வி: மாம்பலம் முதல் மாடி

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடிப் போர்ஷனுக்கு ஆவணி பிறந்ததும் குடிவந்தோம். நாங்கள் இருவர், ஐந்து வயது மகள், என் மாமியார். வீட்டு உரிமையாளர் குடும்பத்துடன் கீழே இருக்கிறார். வீடு 1980களில் கட்டியது. வயரிங்கும் பெரும்பாலும் அப்போதையதுதான். ஏசிக்கு மட்டும் பிற்பாடு தனி லைன் இழுத்திருக்கிறார்கள். மெயின் போர்டில் பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும், கரண்ட் அதிகமானால் தானே விழும் புதிய எம்சிபி ஸ்விட்ச்சுகளும் கலந்து இருக்கின்றன.

ஹால் டியூப் லைட் போட்டவுடன் எரிவதில்லை. பலமுறை மினுக்கிவிட்டுத்தான் பிடிக்கிறது. படுக்கையறை மின்விசிறி ஐந்தில் வைத்தாலும் காற்று இல்லை. சமையலறையில் விளக்கு எனக்குப் பின்னால் இருப்பதால் நறுக்கும் பலகையில் என் நிழல்தான் விழுகிறது. அந்த ஹோல்டரில் போடும் பல்பும் சீக்கிரம் போய்விடுகிறது. குளியலறை எல்இடி பல்பை அணைத்த பிறகும் இரவில் மங்கலாக மினுங்குகிறது. கீசரைப் போட்டால் ஹால் விளக்கு ஒரு கணம் மங்குகிறது. இன்னொன்று, ஃபிரிட்ஜ் கைப்பிடியை ஈரக்கையுடன் தொட்டால் சுர்ரென்கிறது. அதற்காகவே மாமியார் செருப்புப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போகிறார். அங்கே சுவரில் இருந்த சாக்கெட் லூசாக இருந்ததால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறோம்.

உரிமையாளர் நல்ல மனிதர். ஆனால் இதைப் பற்றிப் பேசினால் "இத்தனை ஆண்டாக யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையே" என்கிறார். சுவரில் புதிதாக ஓட்டை போடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம் என்பதால் அதிகம் செலவு செய்யவும் தயக்கம். எதில் தொடங்குவது?

பதில்: மதுரை வயர்மேன்

அம்மா, நீங்கள் எழுதிய வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. டியூப் லைட்டை முதலில் எழுதி, ஃபிரிட்ஜைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஃபிரிட்ஜ்தான் முதல். வெளிச்சம் குறைந்தால் கண் வலிக்கும், அவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தை ஈரக்காலுடன் ஓடிவந்து திறக்கும் கதவில் கரண்ட் இருக்கலாமா?

ஃபிரிட்ஜ் உடம்பில் சுர்ரென்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உள்ளே எங்கோ வயரின் உறை தேய்ந்து கரண்ட் கசிகிறது. இது ஆபத்தானது. இன்னொன்று, இப்போது வரும் இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்களில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு கண்டென்சர்களை (கெபாசிட்டர்) உடம்போடு இணைத்திருப்பார்கள். அவற்றின் வழியாக மிகச் சிறிய கரண்ட் எப்போதும், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயருக்குப் போய்க்கொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. எர்த் அறுந்திருந்தால் அதற்குப் போக வழி இருக்காது. ஃபிரிட்ஜின் உடம்பு 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் நின்றுவிடும். அதைத்தான் ஈரக்கை உணர்கிறது. இந்த இரண்டில் எது என்று கையால் தொட்டுச் சொல்லவே முடியாது. டெஸ்டரை வைத்தாலும் இரண்டிலும் எரியும். எதுவாக இருந்தாலும் ஒன்று மட்டும் நிச்சயம்: உங்கள் ஃபிரிட்ஜுக்கு எர்த் போய்ச் சேரவில்லை.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரைப் பாருங்கள். பாக்ஸில் மூன்று துளை இருக்கும், பிளக்கில் மூன்று பின் இருக்கும், ஆனால் நடுவில் ஓடும் வயர் பல மலிவான பாக்ஸ்களில் இரண்டு கம்பி கொண்டதுதான். எர்த்துக்கான பெரிய பின் வெறும் அலங்காரத்துக்கு நிற்கும். அப்படி இருந்தால் அந்த பாக்ஸை வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரும் இதே கொலைகாரக் குடும்பம்தான். ஃபிரிட்ஜை எர்த் உள்ள சுவர் சாக்கெட்டில் நேரடியாகக் கொடுக்க வேண்டும். லூசான சாக்கெட்டை மாற்றுவது சிறிய வேலை.

சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று வயர்மேன்தான் பார்க்க வேண்டும், நீங்கள் அல்ல. அவர் முறையாகப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பிப் போகும் கம்பி) இடையில் எரியவைப்பார். பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வைப்பார். இரண்டிலும் ஒரே பிரகாசம் வந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது. மங்கினால் எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழி காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. எல்இடி பல்பை வைத்துப் பார்ப்பவரை நம்பாதீர்கள். துளிக் கரண்டிலும் அது எரிந்து ஏமாற்றிவிடும். சோதிக்கும் நேரத்தில் வீட்டிலுள்ள மற்ற பிளக்குகளையெல்லாம் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும்; எர்த் சரியில்லாத வீட்டில் அந்த ஒரு கணம் எல்லாப் பொருளின் உடம்பிலும் கரண்ட் ஏறும்.

அடுத்தது ஆர்சிசிபி. சிலர் இன்னமும் ஈஎல்சிபி என்பார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்சிபி விழ வேண்டுமானால் அதற்கு மேல் கரண்ட் ஓட வேண்டும். மனித உயிர் போவதற்கு அதில் நூற்றில் ஒரு பங்கே போதும். ஆர்சிசிபி போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடும் வகை 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும், ஆனால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். எர்த் இருந்தால் யாரும் தொடும் முன்பே விழும். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். விலை சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய்.

குளியலறை பல்பு. ஸ்விட்ச்சில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகப் போகும் துளிக் கரண்டே எல்இடியை மினுங்க வைக்கும், கவலையில்லை. இண்டிகேட்டர் இல்லையென்றால், ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். அதாவது நீங்கள் அணைத்தாலும் ஹோல்டருக்குள் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கிறது. ஸ்விட்ச்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஸ்டூலில் ஏறி, ஈரக்கையால் பல்பு மாற்றுபவருக்கு என்ன ஆகும்? அதைச் சரிசெய்யும் வரை மெயினை இறக்காமல் அந்த ஹோல்டரில் கை வைக்காதீர்கள்.

கீசர் போட்டால் மங்குவது: மூன்று கிலோவாட் உடனடி கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். பழைய மெலிந்த வயரில் அந்தக் கணம் கொஞ்சம் மங்குவது புதுமை இல்லை. கீசரின் 15 ஆம்பியர் சாக்கெட்டில் கருகல், பழுப்பு நிறம், மீன் வாடை போன்ற நெடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சாக்கெட்டையும் பிளக் டாப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய பின் புதிய சாக்கெட்டையும் கெடுக்கும். கீழ்வீட்டாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் விளக்கு மங்கும் அதே நேரத்தில் அவர்கள் விளக்கு பளிச்சென்று ஏறுகிறதா? மூன்று ஃபேஸ் இணைப்பைப் போர்ஷன்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் வீடுகளில் நியூட்ரல் தளர்ந்தால் இப்படித்தான் ஆகும். ஒருவர் வீட்டில் வோல்டேஜ் இறங்கும், இன்னொருவர் வீட்டில் 300க்கும் மேல் ஏறும், டிவி முதல் மோட்டார் வரை புகையும். அப்படிக் கண்டால் உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்குச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் எழுதிய முதல் விஷயங்கள். டியூபின் இரு முனையும் கறுத்திருந்தால் டியூப் முடிந்துவிட்டது. கறுக்காமல் மினுக்கினால் ஸ்டார்ட்டர். ஆனால் இப்போது அதற்குச் செலவழிக்காதீர்கள். பழைய செட் டியூபும் சோக்குமாகச் சேர்ந்து ஏறக்குறைய 50 வாட் தின்னும். 20 வாட் எல்இடி டியூப் செட் அதே இடத்தில், அதே வயரில் உட்காரும். புதிய ஓட்டை அநேகமாகத் தேவைப்படாது. கழற்றிய பழைய டியூபை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

மின்விசிறிக்குக் கண்டென்சர். கையால் தள்ளிவிட்டால் கொஞ்சம் வேகம் பிடிக்கிறது என்றால் அதுவேதான். அநேகமாக 2.5 மைக்ரோஃபாரட், பழையதில் அச்சிட்டிருக்கும் அளவையே வாங்குங்கள். பெரியது போட்டால் வேகம் கூடும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், காயில் சூடேறும். நூறு ரூபாய்க்குள் முடியும்.

சமையலறைக்குத் தலைக்கு மேல் எவ்வளவு பெரிய விளக்கு போட்டாலும் நிழல் போகாது. விளக்கு உங்களுக்கும் சுவருக்கும் இடையில் வர வேண்டும். மேடைக்கு மேல் இருக்கும் அலமாரியின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டி, ஓரடி அல்லது இரண்டடி நீள எல்இடி பட்டையை இருபுறமும் ஒட்டும் டேப்பால் ஒட்டி, பிளக்கில் கொடுங்கள். ஐந்து முதல் பத்து வாட் போதும். வீடு மாறும்போது கூடவே வந்துவிடும். நிறம் 4,000 கெல்வின் கேளுங்கள். 6,500இல் காய்கறி வெளிறித் தெரியும். அந்த ஹோல்டரில் பல்பு நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஹோல்டர்தான். உள்ளே இருக்கும் இரண்டு ஸ்பிரிங் பின்களும் வெந்து அழுத்தம் இழந்திருக்கும். அடுத்த பல்பு வாங்கும் முன் ஹோல்டரை மாற்றச் சொல்லுங்கள்.

பதில்: தாம்பரம் குடித்தனம்

எங்கள் வீட்டிலும் ஃபிரிட்ஜில் இப்படி இருந்தது. தெரிந்தவர் ஒருவர் ஃபிரிட்ஜின் பின்பக்க ஸ்குருவிலிருந்து ஒரு வயர் இழுத்துச் சமையலறைக் குழாயில் கட்டிவிட்டார். இப்போது ஒன்றும் தெரிவதில்லை. செலவே இல்லை.

பதில்: மதுரை வயர்மேன்

தம்பி, அந்த வயரை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். குழாய் முழுக்க இரும்பாக இருந்த காலத்து வேலை அது. இப்போது சுவருக்குள் ஓடுவது பிளாஸ்டிக் குழாய். அதற்குள் கரண்ட் மண்ணுக்குப் போகாது. ஃபிரிட்ஜில் உண்மையாகவே கசிவு வரும் நாளில் குழாய், ஷவர், அதிலுள்ள தண்ணீர் எல்லாம் கரண்டாக நிற்கும். குளிக்கிறவருக்குச் செருப்பும் இருக்காது.

இதைவிடக் கெட்ட வேலை ஒன்றும் நடக்கிறது. சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு "எர்த் கொடுத்துவிட்டேன்" என்று காசு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குண்டு பல்பு வைத்துப் பார்த்தாலும் நன்றாக எரியும். பிற்பாடு எங்கோ ஒரு நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்புக்கு முழு ஃபேஸும் வந்துவிடும். அதனால் வயர்மேன் வேலை முடிக்கும்போது சாக்கெட்டைத் திறந்த நிலையில் காட்டச் சொல்லுங்கள். எர்த் பின்னிலிருந்து தனியாக ஒரு பச்சை வயர், சுவருக்குள் வயர்கள் ஓடும் குழாய்க்குள் போக வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நல்ல வேலைக்காரர் கேட்டால் மகிழ்வார்.

பதில்: திருச்சி வீட்டுக்காரம்மா

நான் இந்தப் பக்கம் நின்று சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு மூன்று போர்ஷன்கள் வாடகைக்கு இருக்கின்றன.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில் யார் எதைப் பராமரிப்பது என்று அட்டவணையே கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை வீட்டின் உள், வெளி வயரிங் உரிமையாளர் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட், கீசர் பழுது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. எனவே உங்கள் பட்டியலில் எர்த் இழுப்பதும், நியூட்ரலில் இருக்கும் ஸ்விட்ச் லைனை மாற்றுவதும் அவருடையவை. லூசான சாக்கெட், ஹோல்டர், டியூப், கண்டென்சர் உங்களுடையவை. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் செய்துவிட்டு வாடகையில் கழிக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது கடைசி வழி. முதலில் எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சாக மாடிப்படியில் நின்று சொன்னால், அவர் மறந்துபோவார்; நீங்கள் அவர் மறுத்ததாக நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் படத்துடன், "ஃபிரிட்ஜ் சாக்கெட்டில் எர்த் இல்லை, வயர்மேன் பார்த்துச் சொன்னார், குழந்தை இருக்கிற வீடு" என்று ஒரு வரி அனுப்பினால் எந்த உரிமையாளரும் யோசிப்பார். நான் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முன்வாசலுக்குச் சிமெண்ட் போட்டபோது எர்த் குழியை மூடிவிட்டார்கள். குடியிருந்த பெண் ஒருவர் கேட்டதால்தான் தோண்டிப் பார்த்தோம். கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, மூடி வைத்த குழி கட்டியாகிவிட்டது. இப்போது சித்திரை, வைகாசியில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

உரிமையாளர்களுக்கும் ஒரு வருத்தம் உண்டு. காலி செய்யும்போது தாங்கள் வாங்கிய விளக்கைக் கழற்றிக்கொண்டு, வயர் முனைகளை வெறுமனே தொங்கவிட்டுப் போகிறவர்கள் பலர். அடுத்து வருபவரின் குழந்தை அதைத் தொடும். கழற்றுங்கள், உங்கள் பொருள்தான். ஆனால் பழைய விளக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள், முடியாவிட்டால் முனைகளுக்குக் கனெக்டர் போட்டு மூடிவிடுங்கள். பழைய மின்விசிறியைப் பரணில் வைக்கும்போது அதன் மீது அந்த அறையின் பெயரை ஒட்டிவைத்தால் அட்வான்ஸ் கணக்கில் சண்டையே வராது.

பதில்: கோவை, பீளமேடு

வயரிங் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வாடகைக்கு இருப்பவன். மீட்டர் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பழைய வீட்டைப் போர்ஷனாகப் பிரித்த இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

ஒரு நாள் பகலில் உங்கள் மெயினை இறக்கிவிட்டு மீட்டரின் சிறு சிவப்பு விளக்கைச் சில நிமிடங்கள் பாருங்கள். கரண்ட் ஓடும்போது அது விட்டுவிட்டு மினுக்கும். உங்கள் மெயின் இறங்கியிருந்தும் மினுக்கினால், மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் வேறு ஏதோ மாட்டியிருக்கிறது. மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார், சில நேரம் பக்கத்து அறை ஏசி. யாரும் வேண்டுமென்று செய்ததாக இருக்காது. பிரித்தபோது எந்த வயர் கைக்கு வந்ததோ அதில் கொடுத்திருப்பார்கள். ஆனால் பணம் உங்களுடையது. தமிழ்நாட்டில் வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதலில் ஒரு குறிப்பிட்ட அளவு வரை இலவசம். மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். அடுத்தவர் மோட்டார் உங்களைக் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குத் தள்ளினால் அந்த மோட்டாரின் யூனிட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட நேரிடும்.

மின்விசிறி பற்றி ஒரு வார்த்தை. புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி மின்விசிறி முழு வேகத்தில் 30 வாட் அளவில் ஓடும், பழையது 75. நான் இரண்டு வாங்கி வீட்டுக்கு வீடு எடுத்துப் போகிறேன். அதைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது. ரெகுலேட்டரைச் சுற்றுக்கு வெளியே விட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள், கழற்றியதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும்: மாம்பலம் முதல் மாடி

எல்லோருக்கும் நன்றி. மதுரை ஐயாவுக்கு என் மாமியார் தனியாக வணக்கம் சொல்லச் சொன்னார்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயர் ஐயா சொன்னதைப் போல இரண்டு கம்பிதான். சான்றிதழ் உள்ள வயர்மேன் ஒருவரை அழைத்தோம். சமையலறை சாக்கெட்டுக்கு எர்த் வயரே வரவில்லை, கட்டும்போதே இழுக்கவில்லையாம். பக்கத்திலிருந்த 15 ஆம்பியர் பாயிண்டில் எர்த் நன்றாக இருந்தது. அங்கிருந்து தனிப் பச்சை வயர் இழுத்துக் கொடுத்தார். சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் காட்டினார். இப்போது ஃபிரிட்ஜில் சுர்ரென்பதே இல்லை. குளியலறை ஸ்விட்ச் நியூட்ரலில்தான் இருந்தது, மாற்றியாகிவிட்டது. இந்த இரண்டு செலவையும் உரிமையாளர் ஏற்றுக்கொண்டார். திருச்சி அம்மா சொன்னபடி படத்துடன் எழுதி அனுப்பியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆர்சிசிபிக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. நாங்களே வாங்கி மாட்டிக்கொள்ளலாம், போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். மாட்டினோம். சில நாள் நன்றாக இருந்தது. நேற்றிரவு மழை பிடித்ததும் விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. காலையில் வெயில் வந்தபின் நிற்கிறது. கீழே உரிமையாளர், "அதனால்தான் வேண்டாம் என்றேன்" என்கிறார். அதைக் கழற்றிவிட என் கணவரும் யோசிக்கிறார். என்ன செய்வது?

பதில்: மதுரை வயர்மேன்

கழற்ற வேண்டாம் அம்மா. அது கெடவில்லை, வேலை செய்கிறது. மழை பெய்யும்போது உங்கள் வீட்டில் எங்கோ கரண்ட் ஈரத்துக்குள் போகிறது. இத்தனை நாளும் போயிருக்கும், சொல்வதற்கு ஆள் இல்லை.

அடுத்த மழையில் விழுந்தால் இப்படித் தேடுங்கள். கையும் காலும் உலர்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு. மெயினை இறக்கிவிட்டு எல்லா எம்சிபியையும் இறக்குங்கள், ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்குங்கள். பிறகு மெயினையும் ஆர்சிசிபியையும் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொரு லைனாகக் கொடுங்கள். எம்சிபி என்றால் அப்படியே தூக்கலாம். ஃபியூஸ் கட்டை என்றால் ஒவ்வொன்றைச் சொருகும்போதும் மெயினை இறக்கியே சொருகுங்கள். எந்த லைன் கொடுத்தவுடன் விழுகிறதோ அதில்தான் குற்றம். எல்லாவற்றையும் இறக்கிய பின்னும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் பயப்படாதீர்கள். எம்சிபியும் ஃபியூஸ் கட்டையும் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எங்கோ எர்த்தையோ ஈரச் சுவரையோ தொட்டால் அப்போதும் விழும். அந்த நிலையில் வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் வயர்மேன் வந்து நியூட்ரல்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளிலும், இரண்டு போர்ஷன்கள் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளிலும் இதே தொல்லை வரும், ஆனால் அங்கே மழை பார்த்து வராது. உங்களுடையது மழையோடு வருவதால் வெளிப்புறத்தைத்தான் சந்தேகிக்கிறேன்: மொட்டை மாடிப் படி விளக்கு, பால்கனி ஹோல்டர், வாசல் காலிங் பெல் ஸ்விட்ச், ஓதம் ஏறும் மேற்குச் சுவரில் உள்ள போர்டு.

வெளி விளக்கு என்றால் திறந்த ஹோல்டரை எடுத்துவிட்டு, ரப்பர் வளையம் வைத்து மூடும் வெளிப்புற விளக்கு போட வேண்டும். வயர் மேலிருந்து நுழையாமல் கீழிருந்து நுழையும்படி வளைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். அது வெளி வயரிங், உரிமையாளர் செலவு. ஆர்சிசிபி எந்த லைனில் விழுகிறது என்பதை அவர் முன்னிலையிலேயே செய்து காட்டுங்கள். அவர் வீட்டுக்கும் ஒன்று வாங்கினாலும் வாங்குவார். ஐப்பசி வருவதற்குள் இதை முடியுங்கள். இரவில் விழுந்து ஆள் கிடைக்காவிட்டால் அந்த ஒரு லைனின் எம்சிபியை மட்டும் இறக்கி வையுங்கள். கட்டையாக இருந்தால் மெயினை இறக்கிப் பிடுங்கி வைத்துவிட்டு மெயினைத் தூக்குங்கள். மற்ற லைன்களில் மின்விசிறியும் விளக்கும் ஓடும், விடியும் வரை அது போதும். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். விழாவிட்டால் ரசீதுடன் கடைக்கு எடுத்துப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.